மனத்தாழ்மையும் மானமும்: தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் படைப்புகளில் மகிமை சேரும் இடம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்க் கிறித்தவ இலக்கிய ஆய்வுகளில் புலவரின் அவையடக்கமும் 'அடியேன்' என்னும் பணிமொழியும் கிறித்தவத் தாழ்மைக்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படுவது வழக்கமாகியுள்ளது. பணிமொழி என்பது தமிழ் யாப்புலகின் பொதுச் சொத்து. அதை மட்டும் கொண்டு கிறித்தவத் தாழ்மையை அளவிட இயலாது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) செய்யுட்களையும், 1829ஆம் ஆண்டில் சாதி வழக்கம் குறித்து அவர் எழுதிய உரைநடையையும் அருகருகே வைத்து, இறைவனுக்கு மகிமை செலுத்தும் மொழி உடன்வாழும் மனிதர் முன் எவ்வாறு நின்றுவிடுகிறது என்பது ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வேதநாயக சாஸ்திரியார், மனத்தாழ்மை, மகிமை, அவையடக்கம், முத்திரை, பெத்லகேம் குறவஞ்சி, சாதி

முன்னுரை

கிறித்தவத் தமிழ்ப் புலவர்களைப் பற்றிய கட்டுரைகளில் ஒரு பத்தி மாறாமல் இடம்பெறுகிறது. புலவர் தம்மைச் சிறியவர் என்றும் புல்லறிவினர் என்றும் கூறிக்கொள்ளும் செய்யுள் எடுத்துக்காட்டப்படும். அடுத்த வரியில் 'இது கிறித்தவத்தின் தாழ்மைப் பண்பைக் காட்டுகிறது' என்ற முடிவு வந்துவிடும். தேம்பாவணிக்கும் இரட்சணிய யாத்திரிகத்திற்கும் கீர்த்தனைகளுக்கும் இதே முடிவு பொருத்தப்படுகிறது. ஆனால் அதே வகைச் செய்யுளைக் கம்பரும் பாடியுள்ளார், சைவ வைணவப் புராண ஆசிரியரும் பாடியுள்ளனர், இசுலாமியக் காப்பியப் புலவரும் பாடியுள்ளனர். எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான ஒரு மரபைக் கொண்டு ஒரு சமயத்தின் தனிப்பண்பை நிறுவ முடியாது. இந்த எளிய தருக்கப் பிழை நெடுங்காலமாகத் திருத்தப்படாமல் இருப்பதற்குக் காரணம், அம்முடிவு எவர்க்கும் இடையூறு செய்யாத முடிவாக இருப்பதே.

கிறித்தவத் தாழ்மை என்பதற்கு மூலநூல் தரும் பொருள் இடையூறு செய்யக்கூடியது. பவுல் பிலிப்பியர்க்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரம் இதற்கு அடிப்படை. அதன் கட்டமைப்பு கவனிக்கத்தக்கது. சபையில் ஒருவர் மற்றவரைத் தம்மினும் மேலானவராக எண்ணவேண்டும் என்ற அறிவுரை முதலில் வருகிறது. அதற்குக் காரணமாகக் கிறித்து தம் நிலையை விட்டிறங்கி அடிமையின் கோலம் பூண்டு சிலுவைச் சாவு வரை தம்மைத் தாழ்த்தியது இரண்டாவதாகக் கூறப்படுகிறது. எல்லா நாவும் அவரை ஆண்டவர் என அறிக்கையிடுவதும், அதனால் தந்தையாகிய கடவுளுக்கு மகிமை உண்டாவதும் மூன்றாவதாக அமைகின்றன. மகிமை என்பது இங்கே தொடரின் கடைசிக் கண்ணி. அயலார் முன் தாழ்வதே முதற்கண்ணி. முதற்கண்ணியை விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் பாடமுடியுமா என்பதுதான் வேதநாயக சாஸ்திரியாரின் படைப்புகள் எழுப்பும் வினா.

நெல்லையில் பிறந்து, சிறுவயதிலேயே சுவார்ட்சு என்னும் செருமானிய மிஷனரியால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டு, தரங்கம்பாடியில் ஆலே மரபு லுத்தரன் மிஷனரிமாரிடம் இறையியலும் வானவியலும் பயின்றவர் சாஸ்திரியார். இரண்டாம் சரபோஜி மன்னரும் சுவார்ட்சின் மாணவரே. மன்னரும் புலவரும் ஒரே ஆசிரியரின் நிழலில் வளர்ந்தவர்கள் என்பது பின்வரும் ஆய்வுக்கு முக்கியமான செய்தி. (மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறொருவர். இருவரையும் ஒருவராகக் கருதிய குறிப்புகள் இன்றும் மாணவர் ஏடுகளில் காணக்கிடைப்பதால் இதைச் சொல்ல வேண்டியுள்ளது.)

அவையடக்கம் என்னும் பொதுச்சொத்து

தொல்காப்பியர் செய்யுளியலில் அவையடக்கியலுக்கு இலக்கணம் கூறுகிறார். வல்லமையின்றிச் சொன்னாலும் வகைப்படுத்தி ஏற்றுக்கொள்ளுங்கள் என்று எல்லா மாந்தர்க்கும் பணிந்து மொழிவது அது. இங்குப் பணிவின் எதிர்நிலையில் இருப்பது அவை. அவையோ கற்றோரின் கூட்டம். எனவே அவையடக்கம் கற்றவன் கற்றோர்க்குச் செய்யும் மரியாதை. கல்லாதவனுக்கு அவையில் இடம் இல்லாதபோது அவனுக்கு அடக்கமும் தேவைப்படுவதில்லை.

நன்னூல் இன்னும் நுட்பமானது. நூலாசிரியன் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று விதித்து, அப்பணியைச் சிறப்புப் பாயிரம் பாடும் ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோரிடம் ஒப்படைக்கிறது. உடனே அடுத்த நூற்பாவில் விதிவிலக்குகளையும் தருகிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றல் அறியாதவர் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோதும், எதிரி தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழலாம். இந்த நான்காவது விலக்கு, சாஸ்திரியாரின் 1829ஆம் ஆண்டு எழுத்தைப் படிக்கத் திறவுகோல் ஆகிறது.

இவ்விதிகளுக்குப் பின்னால் ஓர் ஒழுக்கவியல் உண்டு. திருக்குறளின் அதிகார வைப்பில் குடிமை, மானம், பெருமை, சான்றாண்மை ஆகியவை அடுத்தடுத்து நிற்கின்றன. பெருமை உடையவரே பணிவர், சிறுமை உடையவர் தம்மை வியந்து அணிந்துகொள்வர் என்ற கருத்து பெருமை அதிகாரத்தில் உள்ளது. பணிவு இங்கே உயர்ந்தோரின் அடையாளம். அவரிடம் பெருமை முன்பே இருக்கிறது, பணிவு அதை மெய்ப்பிக்கிறது. அந்த அதிகாரமே பிறப்பு எல்லா உயிர்க்கும் ஒத்தது என்றும் கூறுவதை மறந்துவிடக்கூடாது. ஆயினும் பிற்கால வழக்கில் குடிமையும் மானமும் பணிவும் ஒரே குடும்பத்துச் செல்வங்களாகவே எண்ணப்பட்டன. நற்குடிப் பிறந்தவன் பணிவான், மானத்திற்கு இழுக்கு வந்தால் பணியமாட்டான் என்பதே அவ்வழக்கின் சாரம்.

பிலிப்பியர் திருமுகத்தின் தாழ்மை இதிலிருந்து ஓர் இடத்தில் அடிப்படையாக வேறுபடுகிறது. அங்கே தாழ்பவர் தம் பெருமையை மெய்ப்பிப்பதற்காகத் தாழவில்லை. பெருமைக்குரிய நிலையையே விட்டுவிடுகிறார். மானத்தின் எல்லையைத் தாண்டிச் சிலுவை என்னும் அவமானத்திற்குள் செல்கிறார். உரோமப் பேரரசில் சிலுவை அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய தண்டனை. அவையடக்கம் பாடிய புலவர் எவரும் அவ்வளவு தூரம் இறங்கவேண்டியிருந்ததில்லை.

பாட்டுடைத் தலைவன் மாறியபோது

சிற்றிலக்கியங்களில் புகழ் எங்கே செல்லவேண்டும் என்பதைப் பாட்டுடைத் தலைவன் என்னும் இலக்கணமே முடிவு செய்துவிடுகிறது. தஞ்சை அரசவையில் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியில் தலைவன் சரபோஜி மன்னரே. உலா வரும் மன்னனைக் கண்டு தலைவி மையல் கொள்கிறாள், குறத்தி வந்து குறி சொல்கிறாள், சிங்கன் சிங்கியைத் தேடி வருகிறான். புலவர், ஆடல் மகளிர், அவையினர் ஆகிய அனைவரின் ஆற்றலும் மன்னனின் புகழாக உருமாறும் ஏற்பாடு அது.

அதே அரசின் நிழலில், அதே வடிவத்தில் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். இங்கே பவனி வருபவர் கிறித்து, மையல் கொள்ளும் தேவமோகினி திருச்சபை, குறி சொல்லவரும் குறத்தி விசுவாசம். பறவை பிடிக்கும் சிங்கனும் அவன் துணைவனும் ஆன்மாக்களை வலைப்படுத்தும் உபதேசியாரின் உருவகம். கலிலேயாவின் மீனவரை மனிதரைப் பிடிப்போராக்கிய நற்செய்தி நிகழ்ச்சி, இங்குக் கண்ணி வைக்கும் குறவனின் தொழிலாகப் பெயர்ந்துள்ளது.

இம்மாற்றத்தைச் சமயப் பிரசார உத்தி என்று மட்டும் ஒதுக்கிவிடுவது போதாது. மன்னனிடம் மானியம் எதிர்பார்க்கக்கூடிய புலவர் ஒருவர், மன்னனுக்குரிய இலக்கிய இருக்கையை வேறொருவர்க்குக் கொடுக்கிறார். கொடுக்கப்பெற்றவரோ மாட்டுக்கொட்டிலில் பிறந்தவர். நூலின் பெயரிலேயே அரண்மனை ஊர் இல்லை, யூதேயாவின் சிற்றூர் ஒன்று நிற்கிறது. தலைவனின் மலை, நாடு, கொடி, முரசு என்று தசாங்கப் பாங்கில் பெருமை பேசும் மரபு முழுவதும் இப்போது உடைமையற்ற ஒருவருக்கு அணியாகிறது. இறைவனுக்கே மகிமை என்ற கோட்பாடு தமிழில் செயல்பட்ட முறை இதுவே. அது புலவரின் உள்ளத்து உணர்ச்சியாக நின்றுவிடாமல், புகழ்மொழியின் உரிமையாளரை மாற்றும் இலக்கணச் செயலாக நிகழ்ந்தது. மன்னர்க்கும் கோயில் தெய்வத்திற்கும் பாடப்பட்ட மங்களம் என்னும் இசைவடிவம் கிறித்தவ வழிபாட்டின் முடிவுப் பாடலாக மாறியதும் இவ்வகையினதே.

தஞ்சையிலேயே இதற்கு நேரெதிரான ஒரு சான்றும் உண்டு. சுவார்ட்சு 1798இல் மறைந்தபின், சரபோஜி இலண்டன் சிற்பி பிளாக்சுமன் கையால் ஒரு பளிங்கு நினைவுச்சின்னம் செய்வித்தார். மரணப்படுக்கையில் கிடக்கும் ஆசிரியரின் கையை மன்னர் பற்றி நிற்கும் காட்சி அது. மன்னர் பெயரால் கல்லறையில் பொறிக்கப்பட்ட ஆங்கிலப் பாடல் சுவார்ட்சின் பணிவையும் போற்றுகிறது. ஒருவரின் பணிவைப் பளிங்கில் பொறித்துப் புகழும்போது அப்பணிவு அவருடைய பெருமையாக மாறிவிடும் முரணைப் பார்வையாளர் அங்கே கண்ணால் காணலாம். தாழ்மையைப் பாராட்டுவது எளிது. பாராட்டிய பிறகும் அது தாழ்மையாகவே எஞ்சுவதுதான் கடினம்.

முத்திரை அடியில் நிற்பவர் யார்?

சாஸ்திரியாரை எளிய தாழ்மைப் புலவராகக் காட்ட விரும்புவோர்க்கு அவர் தாங்கிய பட்டங்கள் இடர் தரும். சுவிசேட கவிராயர், ஞானதீபக் கவிராயர், வேதசிரோமணி என்று சபையார் அவருக்குச் சூட்டிய பெயர்கள் நூல் முகப்புகளில் அணிவகுத்து நிற்கின்றன. சுவிசேட கவிராயர் பட்டம் அவர் மரபினரிடமும் தொடர்ந்தது. கீர்த்தனைகளில் தம் பெயரை முத்திரையாக வைக்கும் வழக்கமும் அவரிடம் உண்டு.

லுத்தரன் மரபின் இன்னொரு கலைஞரோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். செருமானிய இசையமைப்பாளர் யோகான் செபாசுதியன் பாக், தம் திருச்சபை இசைப் படிகளின் இறுதியில் 'கடவுளுக்கு மட்டுமே மகிமை' என்ற பொருளுடைய இலத்தீன் தொடரின் முதலெழுத்துகளைப் பொறித்தார். கலைஞர் பெயர் வரவேண்டிய இடத்தில் கடவுளின் மகிமை நிற்கிறது. அதே லுத்தரன் இறையியலில் பயின்ற தஞ்சைப் புலவரோ பாடலின் இறுதியில் தம் பெயரை வைக்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் முன்னது தாழ்மை, பின்னது தற்பெருமை என்று தோன்றும்.

தமிழிசை மரபை அறிந்தவர் அப்படி முடிவு செய்யமாட்டார். தேவாரத் திருக்கடைக்காப்பிலும் ஆழ்வார் பாசுரப் பலச்சுருதியிலும் பாடியவர் பெயர் வருவது பெருமை பேசுவதற்காக மட்டும் இல்லை. பாடுபவர் ஒவ்வொருவரும் அந்த இடத்தில் தம்மை வைத்துக்கொள்ள ஒரு வாயிலாகவும் அது இருக்கிறது. மேலும் 'வேதநாயகன்' என்ற பெயருக்கே இரு பொருள் உண்டு. அது புலவரின் பெயர், வேதத்தின் தலைவன் என்ற வகையில் கிறித்துவின் பெயராகவும் அமையும். முத்திரை அடியில் அப்பெயர் வரும்போது கையொப்பமா, துதியா என்று பிரித்தறிய முடியாத நிலை உண்டாகிறது. புலவர் பெயர் இறைவன் பெயருக்குள் கரைந்துவிடுகிறது என்று ஒரு வாசகர் கூறலாம். இறைவன் பெயரைப் புலவர் தமக்குச் சூட்டிக்கொள்கிறார் என்று இன்னொருவர் கூறலாம். சாஸ்திரியார் பாடல்களின் ஆற்றல் இந்த இரண்டுக்கும் இடையிலான ஊசலாட்டத்தில்தான் இருக்கிறது. செய்யுளுக்குள் அந்த ஊசலாட்டம் அழகு. செய்யுளுக்கு வெளியே அதற்கு ஒரு முடிவு தேவைப்பட்டது.

1829: பழிக்கப்பட்ட புலவர்

சுவார்ட்சு காலத்துத் தஞ்சைச் சபையில் வெள்ளாளக் கிறித்தவரும் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறித்தவரும் ஒரே கூரையின்கீழ்த் தனித்தனிப் பக்கங்களில் அமர்ந்து வழிபட்டனர். பழைய லுத்தரன் மிஷனரிமார் இதைப் பொறுத்துக்கொண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் வந்த இளைய மிஷனரிமார் இவ்வழக்கத்தை ஒழிக்க முற்பட்டனர். இதற்கு எதிர்வினையாக 1829இல் சாஸ்திரியார் சாதி வழக்கத்தைப் பற்றி உரையாடல் வடிவில் ஓர் உரைநடை நூல் எழுதினார். புதியவர்கள் இழைத்த கொடுமைகளாக அவர் முன்வைத்தவை நான்கு: புழங்கி வந்த தமிழ் வேதாகமத்தைத் திருத்தியது, சபையில் சாதிகளைக் கட்டாயமாகக் கலக்கச் செய்தது, விழாவிலும் சடங்கிலும் மலர்களை விலக்கியது, தமிழ்ப் பாடலையும் இசையையும் வழிபாட்டிலிருந்து அகற்றியது.

இந்த நான்கில் மூன்றைப் படிக்கும் இன்றைய ஆய்வாளர் புலவரின் பக்கமே நிற்பார். வேதாகம மொழிநடை, மலர், இசை ஆகிய மூன்றும் ஒரு மக்கள் தம் பண்பாட்டு உடலோடு கடவுள்முன் நிற்பதற்கான உரிமை பற்றியவை. ஐரோப்பிய ரசனையையே கிறித்தவ ஒழுக்கமாக எண்ணிய செருக்கு அம்மிஷனரிமாரிடம் இருந்தது. அதைச் சுட்டிக்காட்டியது சாஸ்திரியாரின் துணிவு. இக்காரணத்தால் சில ஆய்வுகள் அவரைத் தமிழ்ப் பண்பாட்டுக் காவலராக மட்டும் காட்டுகின்றன. அவ்வாறு காட்டுவதற்கு இரண்டாவது குற்றச்சாட்டை மெல்ல உருவி எடுத்துவிட வேண்டியிருக்கிறது. வேறு சில ஆய்வுகள் அந்த இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற மூன்றையும் சாதிமானின் புலம்பலாகத் தள்ளிவிடுகின்றன. இரண்டு வாசிப்புகளுமே நூலைத் தம் வசதிக்கு வெட்டிக்கொள்கின்றன. சாஸ்திரியார் நான்கையும் ஒரே கட்டாகக் கட்டியிருக்கிறார் என்பதே விளக்கம் வேண்டும் செய்தி.

அவருடைய வாதத்தின் சாரம், சாதி சமயத்தைச் சேர்ந்ததன்று, உலகியல் மரியாதையைச் சேர்ந்தது என்பது. இவ்வாதத்தின்படி மலர் சூடுவதும் தனியே அமர்வதும் ஒரே வகையின. இரண்டும் ஊர் வழக்கம், இரண்டும் கௌரவம். மலரை எடுத்தெறிவது அவமதிப்பு என்றால் இருக்கையைக் கலப்பதும் அவமதிப்பே. இந்தச் சமன்பாட்டில் 'மானம்' என்னும் பழைய விழுமியம் முழு ஆற்றலோடு செயல்படுகிறது. நன்னூலின் நான்காவது விலக்கு நினைவுக்கு வருகிறது: எதிரி பழித்தபோது புலவன் தன்னைப் புகழலாம். சாஸ்திரியார் அந்த உரிமையைத் தமக்காக மட்டுமின்றித் தம் குலத்தார்க்காகவும் எடுத்துக்கொண்டார்.

ஆனால் மலருக்கும் இருக்கைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மலர் சூடும் ஒருவர் அதனால் வேறெவரையும் கீழே இறக்குவதில்லை. தனி இருக்கை, எதிர்ப்பக்கத்தில் அமர்பவர் இன்னார் என்று ஒவ்வொரு ஞாயிறும் அறிவிக்கிறது. யாக்கோபு திருமுகத்தின் இரண்டாம் அதிகாரம் இதையே பேசுகிறது. பொன்மோதிரம் அணிந்தவர்க்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் காலடியும் காட்டும் சபையை அது கண்டிக்கிறது. அக்கண்டனத்தின் தொடக்கத்தில் இயேசுவை மகிமைக்குரிய ஆண்டவர் என்று திருமுகம் அழைப்பது தற்செயலானதன்று. மகிமை அவருடையது என்றால் சபையில் அதைப் பங்கிட்டு இருக்கைகளாக மாற்ற எவர்க்கும் உரிமை இல்லை. விருந்தில் கடைசி இடத்தில் போய் அமரச் சொன்ன உவமை லூக்கா நற்செய்தியில் உள்ளது. வேதாகமத்தைக் கரைத்துக் குடித்த ஒரு புலவர்க்கு இப்பகுதிகள் தெரியாதவை அல்ல. அறியாமையால் விளைந்த குறை என்று இதை மன்னிக்க இடமில்லை.

1833இல் ஆங்கிலிக்கப் பேராயர் தானியேல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபையில் அறவே விடவேண்டும் என்று திருமுகம் விடுத்தார். தஞ்சையில் வெள்ளாளர் பலர் சபையைவிட்டு விலகினர். பிற்காலத்தில் சிலர்க்கு, சாதி வழக்கத்தைச் சற்றுப் பொறுத்துக்கொண்ட இலெய்ப்சிக் லுத்தரன் மிஷன் புகலிடமாயிற்று. வில்சனின் பக்கமும் குறையற்றதன்று. ஆணைபிடித்து மற்றவரைத் தாழச் சொன்னவர், ஆளும் இனத்தின் பேராயராக உயர்ந்த இருக்கையில் அமர்ந்துதான் அதைச் சொன்னார்.

தன்வினையும் பிறவினையும்

இவ்விடத்தில் சொல்லின் இலக்கணம் உதவுகிறது. தமிழ் வேதாகமம் பயன்படுத்தும் 'மனத்தாழ்மை', கத்தோலிக்க வழக்கிலுள்ள 'தாழ்ச்சி', சமூகவியல் வழக்கிலுள்ள 'தாழ்த்தப்பட்டோர்' ஆகிய மூன்றும் 'தாழ்' என்னும் ஒரே வேரில் பிறந்தவை. தாழ்தல் தன்வினை, தாழ்த்துதல் பிறவினை. கிறித்தவ இறையியல் பேசும் 'தன்னைத்தானே தாழ்த்துதல்' வடிவத்தில் பிறவினையாக இருந்தாலும், வினைமுதலும் செயப்படுபொருளும் ஒருவரே. செயப்படுபொருள் இன்னொருவராக மாறும் கணத்தில் அதே சொல் அறத்திலிருந்து கொடுமையாகிவிடுகிறது.

மனத்தாழ்மையைப் போதிக்கும் சொற்பொழிவுகளில் இவ்வேறுபாடு அடிக்கடி மறைந்துவிடுகிறது. ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவரிடம் இன்னும் தாழச் சொல்வது நற்செய்தி ஆகாது என்பதைத் தலித் இறையியலாளர் வலியுறுத்தியுள்ளனர். அமெரிக்க இறையியலாளர் வலேரி சேவிங், செருக்கே எல்லார்க்கும் தலையான பாவம் என்ற முடிவு ஆண்களின் அனுபவத்திலிருந்து எழுந்தது என்றும் தன்னை இழந்துவிடுவதே பெண்களுக்கு நேரும் இடர் என்றும் 1960இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார். இவ்விரு திறனாய்வுகளும் தாழ்மையை மறுப்பனவாகக் கொள்ளவேண்டியதில்லை. தாழ்மை யாருடைய கடமையாக முதலில் இருக்கவேண்டும் என்பதையே அவை கேட்கின்றன. பிலிப்பியர் திருமுகத்தில் அது உயர்ந்த நிலையில் இருந்தவரிடமிருந்து தொடங்குகிறது.

இந்த அளவுகோலில் சாஸ்திரியாரின் செய்யுட்கள் இரண்டாவது கண்ணியிலிருந்து மூன்றாவதற்குச் செல்வதில் ஈடிணையற்றவை. கிறித்து இறங்கிவந்ததைப் பாடி, அவருக்கு மகிமை பாடுவதில் அவருக்கு நிகரான தமிழ்ப் புலவர் மிகச் சிலரே. முதற்கண்ணி 1829இன் உரைநடையில் அறுந்துகிடக்கிறது. ஆகவே மகிமைத் துதியின் மிகுதியை மட்டும் வைத்து ஒரு படைப்பாளியின் தாழ்மையை அளப்பது, தொடரின் ஒரு முனையை மட்டும் பிடித்து இழுத்துப் பார்ப்பது போன்றது.

குறத்தி வருகை

உரைநடை மறந்ததைச் செய்யுள் அறிந்திருந்தது என்பதற்கு பெத்லகேம் குறவஞ்சியிலேயே சான்று உண்டு. அந்நூலில் விசுவாசத்திற்கு உருவம் கொடுக்கவேண்டி வந்தபோது சாஸ்திரியார் ஒரு குறத்தியைத் தேர்ந்தார். இது குறவஞ்சி இலக்கணத்தின் கட்டாயம் என்று கூறலாம். எனினும் அவர் உருவகங்களை மாற்றி அமைத்திருக்கலாம். குறத்தியை மாயையாகவும், அவள் சொல்லும் குறியைப் பொய்யாகவும் காட்டும் வாய்ப்பு ஒரு கிறித்தவப் புலவர்க்கு மிக எளிதாகவே கிடைத்திருக்கும். குறி பார்த்தல், சகுனம், பேய் வழிபாடு ஆகியவற்றைச் சாஸ்திரக்கும்மியில் அவரே கடுமையாகச் சாடியவர். அப்படிப்பட்டவர், குறி சொல்லும் குடியற்ற பெண்ணிடம் திருச்சபைக்குரிய மெய்ச்செய்தியை ஒப்படைத்தது எளிதில் கடந்துபோகக்கூடிய தேர்வன்று.

குறவஞ்சி அமைப்பில் மாடத்துத் தலைவிக்குத் தலைவனைப் பற்றிய உறுதி தானாகக் கிடைப்பதில்லை. உறவினரும் தோழியரும் தரமுடியாத செய்தியை மலையிலிருந்து இறங்கிவரும் கூடைக்காரிதான் தரவேண்டும். தலைவி அவளை அழைக்கிறாள், எதிரே அமரவைக்கிறாள், கையை நீட்டுகிறாள். தீண்டுதலும் அருகமர்தலும் இவ்வடிவத்தின் உயிர்நிலை. அவை இல்லாமல் கதை நகராது. இதைக் கிறித்தவ உருவகமாக்கும்போது பொருள் இன்னும் கூர்மை அடைகிறது. தேவமோகினியாகிய சபை தன் ஆண்டவரை அறியவேண்டுமானால், ஊர் எல்லைக்கு அப்பால் வாழும் ஒருத்தி சொல்வதைக் கேட்கவேண்டும். அவளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கிவிட்டுக் குறி கேட்கமுடியாது. சாஸ்திரியார் தம் காப்பிய உருவகத்தின் விளைவை முழுதாக உணர்ந்திருந்தாரா என்பது வேறு வினா. உருவகம் அவரை முந்திக்கொண்டு அவ்விடத்திற்குப் போய்விட்டது.

அவருடைய கீர்த்தனைகள் இன்று தென்னிந்தியத் திருச்சபையிலும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையிலும் பாடப்படுகின்றன. 1829இல் எதிர்ப்பக்கத்தில் அமர்த்தப்பட்டிருந்தவர்களின் வழித்தோன்றல்கள் அப்பாடல்களைத் தமதாக்கிப் பாடுகின்றனர். பாகவதரின் தனிக்குரலில் தொடங்கிய அடிகள் ஊர்ச் சபைகளில் ஆர்மோனியத்தோடும் தபேலாவோடும் கூட்டுக்குரலாகியுள்ளன. முத்திரை அடி வரும்போது 'வேதநாயகன்' என்ற சொல்லை அவர்கள் தயக்கமின்றி உரத்துப் பாடுகிறார்கள். அங்கே அது புலவரின் பெயராக இருக்கவேண்டிய தேவை இல்லை.